மணமகள் நடந்து வர ஆகும் நேரம்

முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். நன்றாகவே வாசிக்கிறேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லச் சொன்னால் எனக்கு வராது. ஒரத்தநாட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கட்டிக் கொடுத்த மோட்டார் ஓடுகிறதா, இல்லையா என்பது மட்டும்தான் அங்கே பேச்சு. அடக்கமாகப் பேசினால் மோட்டார் ஓடிவிடாது. வாசிப்பையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானபோது முதல் சிக்கலைக் கிளப்பியது என் மனைவிதான். மாப்பிள்ளை வீடு சீர்காழி. அவர்களும் லுத்தரன் சபைக் குடும்பம். பொங்கலுக்குப் பிறகு, லெந்து என்கிற தவக்காலம் தொடங்குமுன், எங்கள் ஆலயத்திலேயே கல்யாணம் என்று பேசி முடித்து, வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள். கார் தெருமுனை திரும்பியிருக்காது.

"ஏங்க, அன்னைக்கு யாரு வாசிப்பா?" என்றாள்.

"இது என்ன கேள்வி? நான்தான்."

"அப்ப பொண்ணக் கையப் புடிச்சு யாரு கூட்டிட்டு வருவா?"

எங்கள் வழக்கம் அது. மணமகளை அவள் அப்பா ஆலய வாசலில் கைபிடித்து, நடுப்பாதை வழியாகப் பீடம் வரை நடத்திக் கொண்டுவந்து விடவேண்டும். அவர்கள் நடந்து வரும்போது முன்னால் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஒருவர் நான். எத்தனையோ அப்பாக்களை அப்படி நடத்தியிருக்கிறேன். நானே அப்பாவாக ஒருநாள் வாசலில் நிற்க வேண்டிவரும் என்று, நம்பினால் நம்புங்கள், அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றியதில்லை.

"உன் தம்பி கூட்டிட்டு வரட்டும்," என்றேன் மனைவியிடம். "தாய்மாமன்தானே. மரியாதையாத்தான் இருக்கும்."

சென்னையில் வேலை பார்க்கும் மகள் நிச்சயத்துக்காக வந்திருந்தாள். உள்ளே போய் அலமாரியிலிருந்து போட்டோ ஆல்பங்களைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள்.

"இது என் ஞானஸ்நானம். இந்தா இருக்கு உங்க முதுகு. இது என்னைச் சபையில சேத்துக்கிட்ட திடப்படுத்தல் அன்னைக்கு. இதுலயும் முதுகு. பெரியப்பா அடக்கத்துல முதுகு. கிறிஸ்துமஸ் நாடகத்துல நான் மரியாளா நடிச்சேனே, அதுல உங்க சட்டைக் காலர் மட்டும் தெரியுது. எந்தப் போட்டோவுலப்பா உங்க மூஞ்சி இருக்கு?"

"வாசிக்கிறவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா வாசிப்பான்?"

"அதான் சொல்றேன். அன்னைக்கு ஒரு நாள் நீங்க எனக்கு அப்பாவா இருந்தாப் போதும். கீபோர்டுக்காரரா இருக்க வேணாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமான பேச்சு காதில் விழுந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நியாயம் பிறகு மெதுவாக வந்து சேரும். கடைக்குப் போய், சாயங்காலம் வரை அவசரமே இல்லாத ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் ஒரு தம்பி இருக்கிறார், அவரைக் கூப்பிடலாம் என்றாள் மகள். அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். கீபோர்டில் இருக்கிற தாளத்தைத் தட்டிவிட்டு, அது பாட்டுக்கு ஓட, ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் போனைப் பார்ப்பவர். கல்யாணப் பாட்டும் அடக்கப் பாட்டும் அவரிடம் ஒரே வேகம்தான். என் மகள் நடந்து வரும்போது அவர் வாசிக்க, நான் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பதா? அதைவிட மேளமில்லாமல் நடந்து போய்விடலாம். ஆனால் அவள் கேட்டதிலும் தப்பு இல்லை. அவளோடு நான் நடக்கவும் வேண்டும், அவளுக்கு என் வாசிப்பும் வேண்டும். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். "உன்னோட பழைய லேப்டாப்ப வச்சிட்டுப் போ. முன்னாடியே வாசிச்சு அதுல ஏத்திடறேன். பாட்டும் நம்மளதாத்தான் இருக்கும், நானும் உன்கூட இருப்பேன்."

"உங்களுக்கு அதெல்லாம் வருமாப்பா?"

"நாப்பது குதிரை மோட்டாரக் கழட்டி மாட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

அவள் சிரித்துவிட்டு லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கென்று நானே ஒரு மெட்டு கட்டினேன். மூன்று பகுதி. வாசலில் தொடங்குவது ஒன்று, நடந்து வரும்போது நடுவில் ஒன்று, பீடம் நெருங்கும்போது கடைசியாக ஒன்று. பீடத்தின் முதல் படியில் அவள் கால் வைக்கவும், கடைசி நாதம் விழவும் சரியாக இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. கடையை மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பேன். அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் போதும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், ஆனால் எத்தனை மதியங்கள் என்பதில்தான் ஏமாந்தேன்.

முதல் நாள் போனை கீபோர்டின் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் பாட்டு இருந்தது. கூடவே மிக்சி இருந்தது, மீன்காரரின் வண்டி ஹாரன் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மூச்சிரைப்பு இருந்தது.

"இது என்னங்க, நாய் எளைக்கிற மாதிரி?" என்றாள் மனைவி.

நான்தான். வாசிக்கும்போது மூக்கால் அப்படி மூச்சு விடுகிறேன் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. ஆலயத்தில் என் பக்கத்தில் நின்று பாடுகிற அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டேன். "தெரியும், பழகிப்போச்சு," என்றாள்.

போன் சரிப்படாது. தஞ்சாவூருக்குப் போய் ஒரு வயர் வாங்கிவந்தேன். கீபோர்டில் ஹெட்போன் மாட்டுகிற துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு. வாசித்தால், கிழிந்துபோன ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி கரகரவென்று வந்தது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. மைக்கிலிருந்து வருவது பூஞ்சையான சிக்னல், அதற்காக வைத்த துளை அது. அதில் கீபோர்டின் முழு சத்தத்தையும் கொட்டினால் தாங்குமா? கீபோர்டின் சத்தத்தைக் கால்வாசிக்குக் குறைத்தேன். கரகரப்பு போயிற்று. அதற்கு அடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்தது. ம்ம்ம் என்று ஒரு இரைச்சல்.

அந்த இரைச்சலை எனக்கு நன்றாகத் தெரியும். கரண்டில் ஓடுகிற எதிலும் அது இருக்கும். நாள் முழுக்க அதைக் கேட்டுத்தான் சம்பாதிக்கிறேன். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் நின்றுவிட்டது. சார்ஜர் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. அன்றைக்கு முழுவதும் நான் வீட்டுக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

வயர் வழியாகப் பதிவு செய்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது. மிக்சி ஓடினாலும், வாசலில் இடி விழுந்தாலும் வராது. இது மனைவிக்குத் தெரியாது. நான் வாசிக்க உட்கார்ந்ததும் அவள் மிக்சியை நிறுத்திவிட்டு, சட்னியை அம்மியில் அரைத்தாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஜாடையில் பேசினாள். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. என் வாசிப்புக்காக ஒரு வீடே அடங்கி இருப்பது எத்தனை நாள் கிடைக்கும்? மூன்று நாள் கிடைத்தது. நான்காம் நாள் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு அறுவடை மெஷின் ஊரே அதிர்கிற மாதிரி கடந்து போயிற்று. வாசித்ததை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மெஷின் போச்சே, அது எங்க?"

நான் லேப்டாப்பைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப மூணு நாளா நான் அம்மியில அரைச்சது?"

அன்று மதியம் எனக்குச் சோறு வந்தது. குழம்பு வர நெடுநேரம் ஆயிற்று.

இதற்குள் ஒரு பக்கம் திருத்தினால் இன்னொரு பக்கம் தப்பு வந்துகொண்டே இருந்தது. கடைசி வரிக்கு முன்னால் ஒரு கட்டை தவறி விழுந்தால், மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்போதுதான் யு.எஸ்.பி. கேபிளைப் பற்றி வீடியோக்களில் பார்த்தேன். அந்தக் கேபிளில் சத்தம் போகாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினேன், எவ்வளவு அழுத்தினேன், எப்போது விரலை எடுத்தேன் என்ற விவரம் மட்டும்தான் போகும். திரையில் அது சின்னச் சின்னக் கோடுகளாக வந்து உட்காரும். தவறான கோட்டைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் விட்டால் போதும், தவறு வாசித்த சுவடே இருக்காது. இதைக் கண்டுபிடித்தவனை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்குவேன்.

ஆனால் அந்தத் திரை சும்மா இருக்கவில்லை. என் வாசிப்பை எனக்கே காட்டிக் கொடுத்தது. வலது கை அழுத்துகிற இடத்தில் இடது கை அழுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தள்ளித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. முப்பது வருடம் ஒரு ஊரே கேட்டிருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. மனைவியிடம் இதைக் கேட்கவில்லை. தெரியும், பழகிப்போச்சு என்பாள்.

எல்லாக் கோடுகளையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற வசதியும் அதில் இருந்தது. அழுத்தினேன். இடது கை டக்கென்று வலது கைக்கு நேராக வந்து நின்றது. போட்டுக் கேட்டேன். மெஷின் நட்ட நாற்று மாதிரி இருந்தது. வரிசை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வயலில் அது நல்லதுதான். பாட்டில் எனக்குச் சகிக்கவில்லை. அது நான் வாசித்ததாகவே இல்லை, அந்தக் கும்பகோணத்துத் தம்பி கொஞ்சம் நன்றாக வாசித்ததுபோல் இருந்தது. பழையபடி ஆக்கினேன். என் இடது கை பிந்தித்தான் வரும். அது என் கை.

இன்னொரு கூத்தும் நடந்தது. கீபோர்டு வாசிப்பவர்களில் பாதிப் பேரின் இரகசியம் ஒன்று உண்டு. விரலுக்குப் பழகிய ஒரே சுருதியில்தான் எல்லாவற்றையும் வாசிப்போம். பாடுகிறவர்களின் குரலுக்கு ஏற்றபடி சுருதியைத் தூக்கவும் இறக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திக்கொள்வோம். நானும் இரண்டு கட்டை தூக்கி வைத்துத்தான் வாசித்தேன். லேப்டாப்பிலிருந்து அதைத் திரும்ப கீபோர்டுக்கு அனுப்பியபோது, கீபோர்டு அதற்கு மேலும் இரண்டு தூக்கிவிட்டது. மனைவி மெட்டோடு சேர்ந்து முனகிப் பார்த்துவிட்டு, "இது தேவதூதருக்கா, மனுஷங்களுக்கா?" என்றாள். அரை நாள் குழம்பிவிட்டு அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து இறக்கினேன்.

எல்லாம் சரியான பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. பாட்டு எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்?

வாசிக்கும் இடம் எங்கள் ஆலயத்தில் பீடத்தின் இடது பக்கம், சபைக்கு முதுகு காட்டி. மணமகள் எங்கே வருகிறாள் என்று தெரிவதற்காக, கடையில் கிடந்த ஒரு பழைய மொபெட்டின் கண்ணாடியைக் கழற்றி கீபோர்டு ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறேன். அதில் நடுப்பாதை தெரியும். பெஞ்சுகளின் முதுகுக்கு மேலே, நடந்து வருகிறவர்களின் நெஞ்சும் முகமும் தெரியும். அவள் மெதுவாக வந்தால் ஒரு வரியைத் திரும்ப வாசிப்பேன். வேகமாக வந்தால் ஒரு வரியை விழுங்கிவிடுவேன். அழுது நின்றால் நானும் நிற்பேன். அவர்கள் படியில் கால் வைக்கும்போது பாட்டு முடியும். எல்லாரும் அதைப் பெரிய வித்தை என்பார்கள். வித்தைதான். ஆனால் அப்படி வாசித்தவனிடம், மணமகள் நடந்து வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. நான் நேரத்தைப் பார்த்ததே இல்லை, ஆளைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலை நாள் மதியம் மனைவியை அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். உபதேசியார் கதவைத் திறந்துவிட்டார். போதகருக்கு அடுத்தபடி ஆலயத்தைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். கல்யாணத்தன்று பாட்டைப் போடும் பொறுப்பையும் அவரிடம்தான் கொடுத்திருந்தேன். வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, போனில் நேரத்தை ஓடவிட்டு நடந்தேன். அவள் ரேஷன் கடைக்குப் போகிற வேகத்தில் நடந்தாள்.

"மெதுவா வா. நீ கல்யாணப் பொண்ணு."

"வீட்டுல வேலை கெடக்குங்க."

திரும்ப வாசலுக்குப் போனோம். இந்த முறை மெதுவாக நடந்தாள். பாதி வழியில் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நம்ம கல்யாணத்துல இதே பாதையிலதான் எங்கப்பா என்னக் கூட்டிட்டு வந்தாரு. நீங்க எங்க பாத்துக்கிட்டு நின்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"எங்க?"

"கீபோர்டுக்காரர. அவரு எதையோ தப்பா வாசிச்சிட்டாருன்னு அவரையே மொறச்சிக்கிட்டு நின்னீங்க. நான் பக்கத்துல வந்து நின்னது உங்களுக்குத் தெரியல. எங்கப்பாதான் உங்க தோளத் தட்டினாரு."

எனக்கு அந்தத் தப்பு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டாவது வரியின் முடிவில். அவள் வந்து நின்றது ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. மூன்றாவது முறையும் நடந்துவிடுவோம் என்றேன். அவளும் வேலை கிடக்கிறது என்று சொல்லாமல் வந்தாள்.

இரண்டு நிமிடம் பத்து விநாடி. மெதுவாக நடந்த இரண்டு முறையும் ஏறக்குறைய அதுதான். மகள் பட்டுப்புடவையில், தலையில் நெட் முக்காட்டோடு வருவாள் என்பதால் கூடுதலாகப் பதினைந்து விநாடி சேர்த்தேன். மெட்டை அந்த அளவுக்கு நீட்டி, கடைசியாக ஒரு முறை முழுமூச்சில் வாசித்து, கீபோர்டின் சத்தத்தோடு பாட்டாக மாற்றி, இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். ஒன்று கெட்டால் இன்னொன்று. உபதேசியாரைப் பத்து முறையாவது போடவைத்துப் பழக்கியிருப்பேன். "போதகர் ஐயா தலைய அசைச்சதும் அழுத்துங்க," என்று மட்டும் சொன்னேன். அவரும் "கவலைய விடுங்க" என்றார். மகளுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவள் நடக்கும்போதுதான் முதல்முறையாகக் கேட்கவேண்டும்.

கல்யாணத்தன்று வாசலில் அவள் வெள்ளைப் பட்டில் நின்றாள். நான் பட்டு வேட்டியில் நின்றேன். ஆலயம் நிறைந்திருந்தது. சீர்காழியிலிருந்து இரண்டு பேருந்தில் வந்திருந்தார்கள். போதகர் தலையை அசைத்தார். உபதேசியார் அழுத்தினார்.

பாட்டு எழுந்தது. அதுவரை என் வாசிப்பை நான் வாசலிலிருந்து கேட்டதில்லை. அத்தனை பெரிய கூடத்தில் அது நிரம்பி, சுவரில் பட்டு, எங்களை நோக்கி வந்தது. எவ்வளவு நன்றாக வாசிக்கிறான் இவன் என்று நினைத்தேன். மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்களா?" என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு, வலது காலை எடுத்து வைத்தேன்.

மனைவியின் தம்பி மனைவி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணே, இருங்க. பிள்ளைங்க முன்னாடி போகட்டும்."

பிள்ளைகளா?

எங்களுக்கு முன்னால் இரண்டு சிறுமிகள். மாப்பிள்ளையின் அக்கா மகள்கள், நாலும் ஐந்தும் வயது. வெள்ளைக் கவுன், கையில் பூக்கூடை. எல்லாக் கல்யாணத்திலும் மணமகளுக்கு முன்னால் பூத்தூவிக்கொண்டு போகிற குழந்தைகள்தான். நான் வாசித்த அத்தனை கல்யாணங்களிலும் போயிருக்கிறார்கள். மொபெட் கண்ணாடியில் பெஞ்சு முதுகுக்குக் கீழே எதுவும் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு குழந்தையைக்கூட நான் பார்த்ததில்லை. மணமகள் முகம் தெரியும் வரை முன்வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருமுறையும் யோசிக்காமல்.

பெரியவள் ஒழுங்காக நடந்தாள். சின்னவள் ஒரு இதழை எடுத்தாள், போட்டாள், அது எங்கே விழுந்தது என்று பார்த்தாள், அதன் பிறகு அடுத்த எட்டு வைத்தாள். நடுவில் தன் கூடை காலியாகிவிடும் என்று பயந்து, போட்ட இதழ்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். ஆலயமே சிரித்தது. நான் மட்டும் பாட்டின் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் பகுதி முடிந்தது. நடுப்பகுதி தொடங்கியது. நாங்கள் இன்னும் வாசலிலேயே நின்றோம்.

ஒருவழியாக நாங்கள் நடக்கத் தொடங்கியபோது கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஐந்தாவது பெஞ்சைத் தாண்டவில்லை. கடைசி நாதம் விழுந்து, நான் வாசித்தபடியே அழகாக நீண்டு, அடங்கிவிட்டது.

ஆலயம் அமைதியானது. மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது. யாரோ இருமினார்கள். உபதேசியார் பதறிப்போய் பென் டிரைவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப முதலிலிருந்து போடட்டுமா என்று விரலால் வட்டம் சுற்றிக் கேட்டார். போட்டுவிடாதீர்கள் என்று நான் கண்ணை உருட்டினேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

கீபோர்டு அதன் இடத்திலேயே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதாவது கரண்டு இருக்கிறது. ஓரமாகப் போனால் பத்து விநாடியில் போய் உட்கார்ந்துவிடலாம். நின்ற இடத்திலிருந்து எடுத்து, அவள் படியில் கால் வைக்கும் வரைக்கும் வாசித்து முடித்துவிடலாம். தாய்மாமன் முன்னால் இரண்டாவது பெஞ்சில்தான் இருக்கிறான், அவன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். இதெல்லாம் ஒரே நொடியில் எனக்குள் ஓடி முடிந்தது. என் கால் இடது பக்கம் திரும்பியேவிட்டது. அவள் கையைப் பிடித்திருந்த என் பிடி தளர்ந்தது.

அவள் பிடி இறுகியது.

"போகாதீங்கப்பா."

"பாட்டு நின்னுபோச்சும்மா."

"நிக்கட்டும்ப்பா. நீங்க வாசிக்காதீங்க. என்கூட நடங்க."

வாசிக்காதீங்க என்று அவள் எதற்குச் சொன்னாள் என்று குனிந்து பார்த்தேன். என் விரல்கள் அவள் புறங்கையில் மீதிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன. பாவம், அழுத்தி வாசித்திருக்கிறேன், அவள் கை சிவந்திருந்தது. விரல்களை மடக்கி, அவள் கையை முழுசாகப் பிடித்துக்கொண்டேன்.

நடந்தோம். அவள் வளையல் சத்தம் கேட்டது, புடவை தரையில் உரசுவது கேட்டது. அவள் நடை எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். இத்தனை பேர் என் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. பயமாகக்கூட இருந்தது. ஆனால் அவள் கையை விட்டுவிடத் தோன்றவில்லை. இவளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எந்த விசேஷத்திலும் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நிமிடம் நடந்தோமென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பீடத்துக்கு முன்னால் நின்றோம். மாப்பிள்ளை அந்தப் பக்கம் நின்றார். போதகர் புத்தகத்தை விரித்து ஜெபம் செய்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "இந்தப் பெண்ணை விவாகத்தில் ஒப்புக்கொடுக்கிறவர் யார்?"

ஆலயம் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். இந்தக் கேள்விக்குப் பிறகு பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சொல்வார், அந்த வார்த்தை முடிந்ததும் நான் வாசிக்க வேண்டும். எத்தனையோ அப்பாக்களுக்காக அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிலர் டக்கென்று சொல்லிவிடுவார்கள், சிலர் ஒருமுறை செருமிக்கொண்டுதான் சொல்வார்கள். இந்த அப்பா என்ன, இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

போதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுபடி கேட்டார். "இந்தப் பெண்ணை ஒப்புக்கொடுக்கிறவர் யார்?"

மகள் என் காதருகே குனிந்தாள். "அப்பா, நீங்கதாம்ப்பா."

"நான்தான்," என்றேன். ஆலயத்தின் கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும்.